லண்டன் – டோக்கியோ தூரம்: எக்செலில் போட்ட கணக்கு டிக்கெட்டோடு ஒத்து வரவில்லை

கேள்வி
லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம்: 51.47 வடக்கு, 0.45 மேற்கு. டோக்கியோவின் ஹனேடா: 35.55 வடக்கு, 139.78 கிழக்கு. சைன், காஸ் சூத்திரத்தில் வரும் கோணத்தை 6371-ஆல் (பூமியின் ஆரம், கி.மீ.) பெருக்கினால் 14,951 கி.மீ. என்கிறது. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வகுத்தால் 16 மணி 37 நிமிடம். டிக்கெட்டில் பயண நேரம் 13 மணி 45 நிமிடம்தான்.

இன்னொன்று: ஜூலை டிக்கெட், காலை 9:30 புறப்பாடு, மறுநாள் காலை 7:15 வருகை. 9 மணி வித்தியாசத்தைக் கழித்தால் 12:45 வருகிறதே?

பதில் 1
டிகிரியை அப்படியே கொடுத்திருக்கிறீர்கள். எக்செலின் சைன், காஸ் இரண்டுக்கும் ரேடியன் (கோணத்தின் இன்னொரு அலகு, 180 டிகிரி = பை ரேடியன்) வேண்டும். ஒவ்வொரு கோணத்தையும் ரேடியன்ஸ் ஃபங்ஷனுக்குள் போடுங்கள், 9,591 கி.மீ. வரும்.

இந்தத் தப்பு லேசில் கண்ணில் படாது. கடைசியில் கோணத்தை எடுத்துத் தரும் ஆர்க் காஸ் எதைக் கொடுத்தாலும் பை மதிப்பைத் தாண்டாது. அதனால் தப்பான விடையும் 20,015 கி.மீ.க்குள் அடங்கி, யோக்கியமான எண் மாதிரியே உட்கார்ந்திருக்கும். சோதிக்க: இரண்டு அட்சரேகையும் 0, தீர்க்கரேகை 0, 90 என்று போடுங்கள். 10,007 வந்தால் ஷீட் சரி.

மேற்குத் தீர்க்கரேகைக்கு மைனஸ் கட்டாயம். ஹீத்ரோவுக்கு அதை விட்டால் 30 கி.மீ. சொச்சம்தான் குறையும், தெரியவே தெரியாது. அதே ஷீட்டில் நியூயார்க்கைப் போட்டால் மானம் போய்விடும்.

பதில் 2
நேரக் கணக்கு: ஜூலையில் லண்டன் கடிகாரம் யுடிசி (உலகப் பொது நேரம்) +1. டோக்கியோ வருடம் முழுக்க +9. ஆக வித்தியாசம் 8 மணி. இரண்டு கடிகார நேரத்துக்கும் இடையிலுள்ள 21:45-இல் 8 போனால் 13:45. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இப்படித்தான். இரண்டு நேரத்தையும் தேதியோடு யுடிசிக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள், பிரச்சினையே வராது.

கேட்டவர்
9,591 வந்துவிட்டது, நன்றி. ஆனால் 900-ஆல் வகுத்தால் 10:39. இன்னும் 3 மணி நேரம் இடிக்கிறதே?

பதில் 3
சூத்திரம் தருவது மிகக் குறுகிய பாதை. அது ரஷ்யாவின் மேலே போகிறது. 2022 முதல் பிரிட்டன், ஜப்பான் விமானங்கள் அந்த வழியில் பறப்பதில்லை. லண்டனிலிருந்து போகும்போது துருக்கி, மத்திய ஆசியா பக்கம் சுற்றுகிறார்கள். டோக்கியோவிலிருந்து வரும்போது பெரும்பாலும் அலாஸ்கா, கிரீன்லாந்து பக்கம். அதாவது இரண்டு திசையிலும் கிழக்கு நோக்கியே பறந்து, உயரத்தில் மேற்கிலிருந்து வேகமாக அடிக்கும் ஜெட் காற்றை முதுகில் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஷீட்டில் இதைக் கொண்டுவர நடுவில் ஒரு புள்ளி சேருங்கள். திரும்பும் வழிக்கு அலாஸ்காவின் ஆங்கரேஜ் (61.17, மைனஸ் 150.0): ஹனேடாவிலிருந்து 5,565, அங்கிருந்து ஹீத்ரோ 7,201, மொத்தம் 12,766 கி.மீ. வகுத்தால் 14:11. விமானம் நேராக ஆங்கரேஜ் தலைக்கு மேல் போகும் என்றில்லை, தோராயத்துக்கு இது போதும்.

டிக்கெட் நேரம் கேட்டிலிருந்து கேட் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏற்றம், இறக்கம் எல்லாவற்றுக்குமாக அரை மணி கூட்டுங்கள். 900-ஐக் கூட்டிக் குறைத்து விடையை டிக்கெட்டுக்குப் பொருத்த வேண்டாம். காற்றுக்குத் தனிக் கட்டம் வைத்து, பின்காற்று என்றால் வேகத்தோடு கூட்டுங்கள், எதிர்காற்று என்றால் கழியுங்கள்.