மிக்ஸி போட்டா தலையை முட்டிக்கிறான், போனை வாங்கினா கடிக்கிறான் (5 வயசு)

பெரம்பூர்_அம்மா:
பையன் யூகேஜி. ரெண்டு வார்த்தை சேர்த்துதான் பேசுவான். மிக்ஸி ஓடினா காதைப் பொத்திக்கிட்டு சுவத்துல தலையை முட்டிக்கிறான். போனை வாங்கினா பாட்டியை அடிக்கிறான், கடிக்கிறான். கூப்பிட்டா பல நேரம் திரும்பறதே இல்லை. ஆட்டிசமா, ஏடிஹெச்டியா (கவனக்குறைவு, அளவுக்கு மீறின துறுதுறுப்பு)ன்னு இன்னும் யாரும் சொல்லலை. ஸ்கூல்ல டாக்டர் லெட்டர் வர்ற வரைக்கும் அனுப்பாதீங்கன்னுட்டாங்க. மாமியார் "ஆம்பளைப் புள்ள லேட்டாத்தான் பேசும், ரெண்டு போடு போட்டா சரியாயிடும்"ங்கறாங்க. அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிற வரைக்கும் வீட்ல என்ன பண்ணலாம்?

சிறப்புக்கல்வி_வேளச்சேரி:
மேடம், ரெண்டும் ஒரே கோபம் மாதிரி தெரியும், ஆனா ஒண்ணு இல்லை. மிக்ஸிக்கு முட்டிக்கிறது அந்தச் சத்தத்துலேர்ந்து தப்பிக்க. போனுக்குக் கடிக்கிறது போன் திரும்பக் கிடைக்க. வழி வேற வேற. அடி ரெண்டுக்குமே உதவாது. முதல்ல இருக்கிற வேதனையில இன்னொரு வேதனை சேரும், ரெண்டாவதுல அடிச்சா காரியம் நடக்கும்னு அவனுக்கும் பாடம் ஆயிடும்.

ஒரு நோட்டுல 4 கட்டம் போடுங்க: நேரம், அதுக்கு முன்னாடி என்ன நடந்தது, அவன் என்ன செஞ்சான், உடனே அவனுக்கு என்ன கிடைச்சது. கடைசிக் கட்டத்தைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க, விடை அங்கதான் இருக்கும். தூங்கின நேரம், மலம் கழிச்சானா இல்லையா, அதையும் ஓரத்துல குறிச்சு வைங்க. டாக்டர்கிட்ட "ரொம்ப அடம்"னு சொல்றதை விட இந்த ஒரு வார நோட்டு பத்து மடங்கு உபயோகம்.

மிக்ஸிக்கு: போடறதுக்கு முன்னாடி சொல்லுங்க, காட்டுங்க, அவனை உள் ரூமுக்கு அனுப்பிக் கதவைச் சாத்துங்க. அடியில ரப்பர் மேட் போட்டா அதிர்வு குறையும். மடிச்ச துணி வேண்டாம், காத்துப் போற ஓட்டை அடைஞ்சு மோட்டார் சூடாயிடும். காது மூடி பாரிமுனைப் பக்கம் சேஃப்டி சாமான் கடைகள்ல கிடைக்கும். பெரியவங்க சைஸ் நழுவும், குழந்தை சைஸ் கேளுங்க. சத்தம் வர்ற நேரத்துக்கு மட்டும் மாட்டுங்க. நாள் முழுக்கப் போட்டா சின்னச் சத்தத்தைக் கூடத் தாங்காமப் போயிடும்.

போன் விஷயத்துல பாதிப் பிரச்சினை ரீல்ஸ். அதுக்கு முடிவே கிடையாது, எப்ப வாங்கினாலும் நடுவுல பிடுங்கின மாதிரிதான். முடிவுள்ள 10 நிமிஷ வீடியோ ஒண்ணை டவுன்லோடு பண்ணி, ஆட்டோபிளேவை அணைச்சுக் கொடுங்க. 5 நிமிஷம் இருக்கும்போது ஒரு தடவை, 1 நிமிஷத்துல இன்னொரு தடவை டைமரைக் காட்டுங்க. முடியும்போது அவனுக்குப் பிடிச்ச அடுத்த பொருள் உங்க கையில தயாரா இருக்கணும். ரெண்டு படம் ஒட்டின அட்டை: முதல்ல போன், அப்புறம் தண்ணி விளையாட்டு. கூடவே 'இன்னும் வேணும்'னு கேக்க ஒரு கார்டு. அவன் அமைதியா இருக்கும்போது பழக்குங்க. ஆரம்பத்துல கார்டை நீட்டினதும் உடனே கொடுத்துடணும், கார்டுக்கு மதிப்பு வரணும்ல.

கடிச்சதுக்கு அப்புறம் மட்டும் போன் திரும்பப் போகவே கூடாது. முதல் சில நாள் கத்தல் இன்னும் ஜாஸ்தியாகும். அது வழி தப்புன்னு அர்த்தம் இல்லை. நாலாவது நாள் பாட்டி மனசு இளகிக் கொடுத்துட்டா, இன்னும் நீளமா கத்தினா கிடைக்கும்னு கத்துக்குவான். பாட்டியால தாங்க முடியாதுன்னா இந்தச் சோதனையே வேண்டாம். தினமும் குறிச்ச நேரத்துக்கு நீங்களே கொடுத்து நீங்களே வாங்குங்க.

பெரம்பூர்_அம்மா:
நன்றி சார். முட்டிக்கிற, கடிக்கிற அந்த நிமிஷத்துல என்ன பண்றது?

சிறப்புக்கல்வி_வேளச்சேரி:
பேச்சைக் குறைங்க. அந்த நேரத்துல விளக்கம் எதுவும் ஏறாது, அதுவும் ஒரு சத்தம்தான். தலைக்கும் சுவருக்கும் நடுவுல தலையணை. பாட்டி ரெண்டடி தள்ளிப் போகட்டும். கடிச்சுட்டான்னா கையை வெடுக்குன்னு இழுக்காதீங்க, சதை கிழியும். வாய்ப்பக்கமா லேசாத் தள்ளினா அவனா வாயைத் திறப்பான். மூக்கை மூடாதீங்க, குப்புறப் படுக்கவெச்சு அழுத்தவே கூடாது. அடங்கினதும் தண்ணி கொடுங்க, அறிவுரை வேண்டாம்.

குழந்தை_நலம்_எழும்பூர்:
நடத்தையைத் திருத்தறதுக்கு முன்னாடி உடம்பைப் பாருங்க. காது சீழ், பல்வலி, மலச்சிக்கல், மூணுமே பேசத் தெரியாத பிள்ளையைத் தலையை முட்டிக்க வைக்கும். புதுசா ஆரம்பிச்ச முட்டல்னா சந்தேகம் இன்னும் அதிகம்.

கூப்பிட்டா திரும்பலைங்கறதுக்குக் கட்டாயம் கேட்கும்திறன் சோதனை. மிக்ஸிக்குக் காதைப் பொத்தறானே, காது நல்லா இருக்குன்னு விட்டுடாதீங்க. ஹெட்போன் சோதனைக்கு ஒத்துழைக்கலைன்னா தூங்க வெச்சு பெரா (சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் கொடுக்குதுன்னு பாக்கற சோதனை) எடுப்பாங்க. இன்னொண்ணு: சாப்பிட்டுக்கிட்டே இருக்கும்போது சில நொடி அப்படியே வெறிச்சு நின்னு, தொட்டாலும் அசையாம, திரும்ப விட்ட இடத்துலேர்ந்து சாப்பிடறானா? அது ஒருவகை வலிப்பா இருக்கலாம். போன்ல வீடியோ எடுத்து நரம்பியல் டாக்டர்கிட்ட காட்டுங்க, இஇஜி (மூளை மின்னலைப் பதிவு) வேணுமான்னு அவர் சொல்வார். பேசிக்கிட்டிருந்த வார்த்தை குறைஞ்சாலும் காத்திருக்காதீங்க. முட்டினதுக்கு அப்புறம் வாந்தி, மயக்கம்னா நேரா எமர்ஜென்சி.

மண், சாக்பீஸ் தின்னா ஹீமோகுளோபினோட ஃபெரிட்டினும் (உடம்புல இருக்கிற இரும்புச்சத்து சேமிப்பு) பாக்கச் சொல்லுங்க.

அரசு பக்கம் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, ஈசிஆர்ல முட்டுக்காடு நிப்மெட் (மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம்) ரெண்டும் இருக்கு. பேச்சுப் பயிற்சி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலை, புலன் சார்ந்த பயிற்சி) ஆரம்பிக்க நோய்ப்பேர் எழுதின சீட்டு தேவையில்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டா ஆட்டிசம் போயிடும்னு விளம்பரம் வரும், பணத்தைக் கொட்டாதீங்க.

அண்ணாநகர்_அப்பா:
ஸ்கூல் விஷயம் மட்டும். கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயசுக்குத்தான், யூகேஜிக்கு அதைக் காட்டினா மடக்கிடுவாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 16-ஆவது பிரிவைக் காட்டுங்க. அங்கீகாரம் பெற்ற பள்ளிகள்ல பாகுபாடில்லாம சேர்த்துக்கணும்ங்குது. இன்னும் மாற்றுத்திறனாளி சான்றிதழ் கையில இல்லாததால எடுத்த எடுப்புல சட்டம் பேசாதீங்க. "அனுப்பாதீங்கன்னு சொன்னதை மெயில்ல அனுப்புங்க"ன்னு பணிவாக் கேளுங்க. எழுத்துல தர யோசிப்பாங்க, அப்ப தினம் 2 மணி நேரம் மட்டும் அனுப்பறேன்னு ஆரம்பிங்க. எந்த நேரத்துல அவன் நல்லா இருக்கான்னு உங்க நோட்டே சொல்லும், அந்த 2 மணி நேரத்தைக் கேளுங்க.