ப்ருமோவ்ஸ்கியின் 153.45: வட்ட மூக்கா, ஸ்பின்னரா?

அஸ்தம்பட்டி_பால்சா:
வணக்கம். முதல் உலகப்போர் கால ஓஃபாக் அல்பாட்ராஸ் டி.3 போர் விமானம் (ஜெர்மன் அல்பாட்ராஸ் டி.3-ஐ ஆஸ்திரியாவின் ஓஃபாக் ஆலை கட்டிய வடிவம்), 1/8 அளவில் பறக்கும் மாடலாக சேலத்தில் தயாராகுது. இறக்கை விரிவு 112.5 செ.மீ. (அசல் 9 மீட்டர்). ஆஸ்திரிய-ஹங்கேரியின் முன்னணி போர் விமானி காட்வின் ப்ருமோவ்ஸ்கி (35 வெற்றிகள்) ஓட்டிய சிவப்பு விமானம், மண்டை ஓட்டுச் சின்னத்தோடு, எண் 153.45. வரைபடத்தில் மூக்கு வட்டமாக இருக்கு, ஸ்பின்னர் (ப்ரொப்பெல்லர் நடுவை மூடும் கூம்பு) இல்லை. துப்பாக்கி இரண்டும் விமான உடலின் மேல், விமானி முகத்துக்கு நேர் முன்னால் இருக்கு. இது சரியா? கீழ் இறக்கைக்கு ஒரே ஸ்பார் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதுகுச் சட்டம்) தாங்குமா? முதல் பறப்பை ஏற்காட்டில் வைக்கலாமா?

செவ்வாய்ப்பேட்டை_ரிப்:
அது பிந்தைய 253 வரிசையின் வரைபடம். எண்ணிலேயே விடை இருக்குங்க. நடுவில் உள்ள 5 ஓஃபாக் ஆலையைக் குறிக்கும். புள்ளிக்குப் பின்னால் வருவது அந்த வரிசையில் எத்தனையாவது விமானம் என்பது. 53 வரிசைக்கு 185 குதிரைசக்தி, 153-க்கு 200, 253-க்கு 225; மூன்றுமே ஆஸ்ட்ரோ-டைம்லர் எஞ்சின்.

வட்ட மூக்கு 153.112-இல்தான் தொடங்குது. 45-க்கு அது வராது. முந்தைய விமானங்களில் ஸ்பின்னர் பறக்கும்போதே கழன்று விழும். அதனால் விமானிகள் பலர் அதைக் கழற்றிவிட்டே பறந்தார்கள். நீங்களும் மாட்டாமல் விடலாம், ஆனால் மூக்கின் முன்பக்கம் தட்டையாக வெட்டியது போல நிற்கணும், உருட்டிவிடாதீங்க. வட்ட மூக்கால் வேகம் மணிக்கு 14 கி.மீ. கூடியது என்று காற்றுச் சுரங்கச் சோதனையில் தெரிந்தது. ஸ்பின்னர் இல்லாத மூக்கு வேகம் தரும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

கன்னங்குறிச்சி_வயர்:
துப்பாக்கியும் தவறு. 8 மி.மீ. ஷ்வார்ஸ்லோஸ் இயந்திரத் துப்பாக்கி இரண்டும் விமான உடலுக்குள் புதைந்திருக்கணும். விமானிகள் கேட்டதால் 253 வரிசையின் கடைசிப் பகுதியில்தான் மேலே ஏற்றினார்கள். அதில் வேறு தொல்லை வந்தது. தோட்டா உறை அறையில் ஒட்டாமலிருக்க அந்தத் துப்பாக்கி ஒவ்வொரு தோட்டாவுக்கும் எண்ணெய் தடவும். சுடும்போது அது தெறித்து விமானியின் பார்வையை மறைத்தது.

காக்பிட்டில் டாக்கோமீட்டரை (எஞ்சின் சுழற்சி காட்டும் மீட்டர்) பெரிதாகவே வையுங்க. ப்ரொப்பெல்லர் இடைவெளியில் சுடும் ஒத்திசைவுக் கருவி, எஞ்சின் சுழற்சி ஒரு குறுகிய எல்லைக்குள் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். தப்பினால் குண்டு ப்ரொப்பெல்லரிலேயே பாயும். இதற்கு முந்தைய ஹன்சா-பிராண்டன்பர்க் டி.1-இல் அந்தக் கருவியே கிடையாது. துப்பாக்கியை மேல் இறக்கைக்கு மேலே பெட்டியில் வைத்தார்கள். வானத்தில் அடைத்துக்கொண்டால் கை எட்டாது.

செவ்வாய்ப்பேட்டை_ரிப்:
கீழ் இறக்கை விஷயத்தில் கவனம். ஜெர்மன் டி.3-இல் ஒற்றை ஸ்பார் ரொம்பப் பின்தள்ளி இருந்ததால், செங்குத்தாகப் பாயும்போது இறக்கை முறுக்கிக்கொண்டு உடைந்தது. ஓஃபாக் ரிப்களையும் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்கள்) ஸ்பாரின் மேல்-கீழ் பட்டைகளையும் தடிப்பாக்கிச் சரிசெய்தது. மாடலிலும் அதே வியாதி வரும். ஸ்பாரை மட்டும் தடிப்பாக்கினால் வளைவு நிற்கும், முறுக்கு நிற்காது. முன்விளிம்பிலிருந்து ஸ்பார் வரை மேலும் கீழும் 1.5 மி.மீ. பால்சா (லேசான மரம்) தகடு ஒட்டி மூடிய பெட்டியாக்குங்க. இரு இறக்கைகளையும் இணைக்கும் வி-ஸ்ட்ரட்டின் (V வடிவத் தாங்கி) கால் ரிப்பில் அல்ல, ஸ்பாரில் பதித்த பிளைவுட் துண்டில் இறங்கணும்.

சேர்வராயன்_காற்று:
முதல் பறப்புக்கு ஏற்காடு வேண்டாம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிட ஏறத்தாழ 11 சதவீதம் குறைவு. அதே சுழற்சியில் ப்ரொப்பெல்லர் இழுக்கும் விசையும் அந்த அளவு குறையும், தரையிறங்கும் வேகம் 6 சதவீதம் கூடும். மலைவிளிம்பில் காற்று சுழன்று அடிக்கும். கீழே சமதரையில் முடியுங்க, ஆனால் கமலாபுரம் விமான நிலையப் பக்கம் போகக் கூடாது.

அஸ்தம்பட்டி_பால்சா:
நன்றிங்க. தட்டை மூக்கு, உள்ளே துப்பாக்கி. எடைச் சமநிலை எங்கே வைக்கட்டும்?

செவ்வாய்ப்பேட்டை_ரிப்:
மேல் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 சதவீதத்தில் தொடங்குங்க. மூக்கு குட்டையானது, வால் கனக்கும்; மூக்கில் எடைக்கு ஈயம் போடுவதற்கு முன்னால் பேட்டரியை ஃபயர்வாலோடு (மோட்டாரைத் தாங்கும் முன்பலகை) ஒட்டித் தள்ளிப் பாருங்க. வால் பகுதிக்கு லேசான பால்சாவாகத் தேர்ந்தெடுத்தால் ஈயம் பாதியாகும்.