புதுப்பிப்பு: 'கஸ்மாலம்' உருதுச் சொல் அன்று

'பேமானி', 'பேஜார்' ஆகியவற்றைப் போலச் சென்னை வழக்கிலுள்ள 'கஸ்மாலம்' என்ற வசைச்சொல்லும் உருது வழியாகவே வந்திருக்க வேண்டும் என்று முந்தைய இழையில் நான் எழுதியது பிழை. முதல் இரண்டைப் பற்றிய கருத்தில் மாற்றமில்லை. நேர்மையின்மையைக் குறிக்கும் 'பேஈமானி'யும், சலிப்புற்ற நிலையைக் குறிக்கும் 'பேஜா'ரும் பாரசீக முன்னொட்டோடு உருதுவில் வழங்குபவை.

கஸ்மாலமோ வடமொழிச் சொல். அழுக்கு, மனக்கலக்கம் என்னும் பொருள்களைக் கொண்ட 'கச்மலம்' என்பதே அதன் மூலம். பகவத் கீதையின் 2ஆம் அத்தியாயம் 2ஆம் சுலோகத்தில், வில்லை எறிந்துவிட்டுத் தேர்த்தட்டில் அமர்ந்துவிட்ட அர்ஜுனனைப் பார்த்து, இந்த நெருக்கடியான வேளையில் இக்கச்மலம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று கண்ணன் கேட்கிறான். அங்கே அது மனத்தைப் பற்றிய சோர்வு. ரிக்‌ஷாக்காரர் "அடக் கஸ்மாலம், ஓரமா போ" என்று அதட்டும்போது அழுக்கு என்னும் பொருளே முன்னிற்கிறது. (கீதையைப் பாராயணம் செய்பவர்கள் என் மீது கோபப்பட வேண்டாம்.)

ஒரு நிலையைக் குறிக்கும் பெயரை ஆளின் மீதே ஏற்றி வைவது நமக்குப் புதிதன்று; 'பீடை', 'தரித்திரம்' என்று வீடுகளில் திட்டுவதும் அவ்வகையே. உருதுவில் பண்பைக் குறிக்கும் 'பேஈமானி' தமிழில் ஆளைக் குறிக்கும் 'பேமானி' ஆனதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். முந்தைய இழையின் தலைப்பைத் திருத்திவிட்டேன்.