துள்ளல் நீக்கமா, பாராமுக நேரமா?

லாஸ்பேட்டையிலிருந்து:

மஞ்சக்குப்பம் தம்பிக்கும் திருப்பாதிரிப்புலியூர் ஐயாவுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தம்பி, ரிமோட்டால் விளக்கை எரிக்கவும் அணைக்கவும் தான் கட்டிய சுற்று சரியாக ஓடவில்லை என்று கேட்டிருந்தார். ஐயா, அதில் சேர்க்க வேண்டிய பகுதிக்கு ஒரு தமிழ்ச் சொல் முன்மொழிந்திருந்தார். முதலில் விளக்கு, அப்புறம் சொல்.

> ரிமோட்டைக் கிட்டத்தில் வைத்து அழுத்தினால் ரிலே (விளக்கை இயக்கும் மின்காந்த சுவிட்சு) 'டர்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறது. வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து அழுத்தினால் சில நேரம் விளக்கு எரிகிறது, சில நேரம் இல்லை. ரிமோட்டின் ஒளியை வாங்கும் ஏற்பி, டிஎஸ்ஓபி 1738, போய்விட்டதா?

போகவில்லை. உங்கள் ஏற்பி குறையில்லாமல் வேலை செய்வதுதான் சிக்கலே. நீங்கள் வைத்திருப்பது என்இசி என்னும் குறிமுறையில் பேசும் ரிமோட் என்று எழுதியிருந்தீர்கள். அதில் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் போவது ஒரு துடிப்பு அல்ல. முதலில் 9 மில்லி விநாடிக்கு ஒரு நீண்ட துடிப்பு, பிறகு 32 பிட்டுகளுக்கு 32 குட்டித் துடிப்புகள், முடிவுக்கு ஒன்று. ஆக 34. எல்லாம் சேதியைச் சுமக்கும் 38 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலைமேல் ஏறி வருகின்றன. ஏற்பி ஊர்தியைக் கழற்றிவிட்டு 34 துடிப்புகளையும் அப்படியே வெளியே தள்ளுகிறது. அதை நீங்கள் நேராக 4017 என்னும் எண்ணி ஐசியின் துடிப்பு வாங்கும் 14-ஆம் காலில் கொடுத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் அது ஒரு தடவை நிலை மாறுகிறது: எரி, அணை, எரி, அணை. 34 இரட்டைப்படை எண். கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். இடையில் ரிலே திணறும் சத்தம்தான் அந்த 'டர்'.

பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாலும் தப்பிக்க முடியாது. சுமார் 110 மில்லி விநாடிக்கு ஒரு தடவை, 'இன்னும் அழுத்தியிருக்கிறது' என்று சொல்லப் போகும் மறுகுறியில் இரண்டே துடிப்புகள். அதுவும் இரட்டைப்படை! தூரத்திலிருந்து வேலை செய்ததாகச் சொன்னீர்களே, அங்கே ஒளி மெலிந்து ஒன்றிரண்டு துடிப்பு தவறிப்போகிறது. தவறியது ஒற்றைப்படை என்றால் விளக்கு எரியும். அவ்வளவுதான் ரகசியம்.

வழி சுலபம். ஏற்பிக்கும் 4017-க்கும் நடுவில் ஒரு 555 (நேரம் அளக்கும் ஐசி) போடுங்கள், ஒற்றைத் துடிப்பு தருகிற இணைப்பில். ஏற்பி சும்மா இருக்கும்போது அதன் வெளியீட்டு மின்னழுத்தம் மேலே இருக்கும், ஒளி பட்டால் கீழே இறங்கும். 555-ஐத் தூண்டும் 2-ஆம் காலுக்கு அதுதான் வேண்டும், ஆகவே நேராகவே கொடுக்கலாம். 1 மெகா ஓம் மின்தடை, 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி போட்டால் 1.1 விநாடி நீளமுள்ள ஒரே துடிப்பு கிடைக்கும். முதல் துடிப்பு வந்ததும் 3-ஆம் கால் மேலே போகும், 4017 ஒரு எண் நகரும். மீதி 33-ம் வந்து தட்டிவிட்டுப் போகட்டும். வாசலில் ஒருவர் ஏழெட்டு முறை மணி அடித்தாலும் நாம் ஒரு முறைதானே எழுந்து போகிறோம்.

555 நிலை மாறும்போது மின்வழங்கலைக் கொஞ்சம் உலுக்கும். ஏற்பிக்குப் போகும் 5 வோல்ட் கம்பியில் 100 ஓம், அதை அடுத்துத் தரைக்கு 4.7 மைக்ரோஃபாரட் வையுங்கள். ரிலே சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். 230 வோல்ட் பக்கத்தில் பிளக்கைப் பிடுங்காமல் கை வைக்க வேண்டாம்.

இனி சொல்லுக்கு வருகிறேன்.

> இந்த 555 பகுதியைத் 'துள்ளல் நீக்கி' எனலாம். சுவிட்சுகளுக்கு ஏற்கெனவே வழங்குகிறோம்.

ஐயா, சுவிட்சில் 'துள்ளல்' பொருத்தமான சொல். உலோகத் தகடு தகட்டில் மோதிச் சில மில்லி விநாடி நிஜமாகவே துள்ளுகிறது. யாரும் கேட்காமல் வந்த குப்பை அது, நீக்க வேண்டியதுதான். இங்கே எதுவும் துள்ளவில்லை. ரிமோட் வேண்டுமென்றேதான் 34 துடிப்புகளை அனுப்புகிறது, ஒவ்வொன்றுக்கும் பொருள் இருக்கிறது. நம் சுற்று எதையும் நீக்குவதும் இல்லை. முதலாவதைக் கண்டதும் மீதியைக் கண்டும் காணாமல் இருக்கிறது. அதைச் சொல்ல நம்மிடம் ஒரு பழைய சொல் இருக்கிறது: பாராமுகம். அந்த 1.1 விநாடியைப் 'பாராமுக நேரம்' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு.

வேறு என்ன இருக்கிறது என்றும் பார்த்தேன். 'பூட்டு நேரம்' என்றால் எதைப் பூட்டினோம் என்ற கேள்வி வரும். 'தாழ் நேரம்' மின்னணுவியலில் உதவாது, தாழ்நிலை என்று குழம்புவார்கள். 'டெட் டைம்' என்பதை ஒருவர் போன வாரம் 'செத்த நேரம்' என்று பெயர்த்திருந்தார். சிரித்துவிட்டேன். நம் பக்கம் 'செத்த நேரம் இரு' என்றால் கொஞ்சம் பொறு என்று அர்த்தம். யோசித்தால் 555 செய்வதும் அதைத்தான், ஆனாலும் பாடநூலில் அச்சேறாது.

டெட் டைம் வேறு, இது வேறு என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். கல்பாக்கம் போன்ற இடங்களில் புழங்கும், கதிர்வீச்சை அளக்கும் கீகர் எண்ணியில் ஒரு துகளை எண்ணிய பின் நூறு மைக்ரோ விநாடி அளவுக்கு அடுத்ததை எண்ண முடியாது. நரம்பும் ஒரு தடவை தூண்டப்பட்ட பின் ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி பதில் தராது. அவை இயலாமை, அவற்றுக்குச் 'செயலறு நேரம்' சரி. பாராமுகம் என்பது இயன்றும் திரும்பாமல் இருப்பது. சாமியைப் பார்த்து 'ஏன் இந்தப் பாராமுகம்' என்று கேட்பவர்கள் அதற்குக் கண் தெரியாது என்று நினைத்தா கேட்கிறார்கள்?

இன்னொரு வசதியும் உண்டு. 555-இல் நேரம் முதல் துடிப்பிலிருந்து ஓடும், நடுவில் எத்தனை வந்தாலும் நீளாது. 74எச்சி123 போன்ற ஐசியில் ஒவ்வொரு துடிப்பும் நேரத்தை மறுபடி தொடக்கிவைக்கும். முன்னது 'நீளாப் பாராமுகம்', பின்னது 'நீளும் பாராமுகம்'. துள்ளல் நீக்கியை வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டைச் சொல்லிப் பாருங்கள்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

துள்ளல் பொருந்தாது என்பதை ஏற்கிறேன். ஆனால் கலைச்சொல் என்றால் அதிலிருந்து வினை பிறக்க வேண்டும். சுற்று பாராமுகம் செய்ததா, காட்டியதா, பாராமுகமாக இருந்ததா? தவறவிட்ட துடிப்பை எப்படி அழைப்பது, 'பாராமுகப்பட்ட துடிப்பு' என்றா? 'புறக்கணிப்பு நேரம்' என்று வையுங்கள். புறக்கணி, புறக்கணித்தது, புறக்கணித்த துடிப்பு என்று எல்லாம் ஒழுங்காக வருகிறது. 'முகம்' இல்லாத பெட்டிக்கு முகம் வைக்கவும் வேண்டாம். செயலறு நேரம் என்று பிரித்தது நன்று.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

அண்ணா, 555 போட்டேன், 'டர்' நின்றுவிட்டது. ஆனால் அழுத்தினால் விளக்கு எரிந்து ஒரு விநாடியில் தானாக அணைகிறது.

லாஸ்பேட்டையிலிருந்து:

மின்தேக்கியை 2.2 மைக்ரோஃபாரட் ஆக்கிப் பாருங்கள். எரியும் நேரமும் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே போனால், பாராமுகம் முடிந்த கணமே ஏதோ ஒன்று ஏற்பியைத் தட்டுகிறது என்று பொருள். சிஎஃப்எல் பல்பு மாட்டியிருந்தால் அதன் மேல்தான் என் சந்தேகம். உள்ளே இருக்கும் மின்னணுச் சோக்கு பல பத்துக் கிலோஹெர்ட்ஸில் ஓடும், ஒளியும் அதே வேகத்தில் துடிக்கும். 38-க்குப் பக்கத்தில் விழுந்தால் ஏற்பிக்கு அதுவும் ரிமோட்தான். பழைய இழை பல்பை மாட்டினால் தெரிந்துவிடும். அதிலும் அணைந்தால் ரிலேயின் மின்வழங்கல் பக்கம் தேடலாம்.

ஐயாவுக்கு: வினை பற்றி நீங்கள் சொல்வது வலுவானது. ஆனால் புறக்கணிப்பு என்றவுடன் தேர்தல்தான் நினைவுக்கு வருகிறது.

மஞ்சக்குப்பத்திலிருந்து:

சிஎஃப்எல்தான். இழை பல்பில் சமர்த்தாக நிற்கிறது. ஏற்பியை விளக்குக் கூண்டிலிருந்து வெளியே எடுத்து, கறுப்புக் குழாய்க்குள் கதவைப் பார்த்த மாதிரி வைத்துவிட்டேன். இப்போது சிஎஃப்எல்லும் நிற்கிறது.

நேரத்தைக் கூட்டிக் குறைக்க 1 மெகா ஓம் திருகு மின்தடை ஒன்று வைத்திருக்கிறேன். அதன் பக்கத்தில் 'பாராமுகம்' என்று எழுதியாயிற்று. ஐயா மன்னிக்க வேண்டும், 'புறக்கணிப்பு நேரம்' எழுத டப்பாவில் இடமில்லை.

இன்னொன்று. கரண்ட் போய் வந்தால் சில நேரம் விளக்கு தானாக எரிகிறது. 4017-ஐத் தொடக்க எண்ணுக்குக் கொண்டுவரும் 15-ஆம் காலை 4-ஆம் காலோடு கட்டியிருக்கிறேன். தொடக்கத்தில் அணைந்த நிலைக்குக் கொண்டுவர மின்தேக்கியை எங்கே சேர்ப்பது? அதற்கான தமிழ்ச் சொல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அம்மா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து திட்டுகிறார்.