தொப்பி போட்ட அந்தப் பெண் படம்: கம்ப்யூட்டர் படிப்பில், வேலையில் பெண் என்பதால் உங்களுக்கும் இப்படி ஏதாவது?

சோமனூர்க்காரி
இமேஜ் ப்ராசஸிங் லேப் (கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்தி அலசும் பயிற்சி) பண்ணியவர்களுக்கு, அங்கே சோதனைக்குக் கொடுக்கும் லேனா படத்தைச் சொல்லத் தேவையில்லை. தொப்பி, இறகு, திரும்பிப் பார்க்கும் முகம். நான் படித்தது கோயம்புத்தூரில், 2011. எட்ஜ் டிடெக்‌ஷன் (படத்தில் ஓரக் கோடுகளைக் கண்டுபிடிப்பது), நாய்ஸ் எனும் புள்ளி இரைச்சலை நீக்குவது எல்லாமே அந்த முகத்தில்தான். பிரிண்ட் எடுத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டுவோம். ஒருநாள் அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து நோட்டைப் புரட்டினார். பஞ்சு ஒட்டிய விரலை அந்தப் படத்தில் வைத்து, "ஏங் கண்ணு, யாரு இந்தப் புள்ள?" என்றார். "சும்மா டெஸ்ட் படமுங்கப்பா" என்றேன்.

கடைசி செமஸ்டரில்தான் தெரிந்தது. பிளேபாய் என்ற ஆண்கள் பத்திரிகையின் 1972 நவம்பர் இதழில் வந்த நடுப்பக்க நிர்வாணப் படம் அது. 1973இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தோளுக்கு மேல் மட்டும் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். எங்கள் வகுப்புப் பையன்களுக்கு முதல் வாரமே தெரியுமாம். பின் வரிசையில் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மின், கணினிப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐஇஇஇ-யின் கம்ப்யூட்டர் சொசைட்டி 2024 ஏப்ரல் முதல் அந்தப் படம் உள்ள கட்டுரைகளை வாங்குவதில்லை. எனக்கு அப்பாவின் விரல்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பார்கோடு
திருப்பூர், பனியன் கம்பெனி, ஷிப்மென்ட் நாள். லேபிள் பிரிண்ட் ஆகவில்லை என்று எங்கள் சாஃப்ட்வேர் ஆபீஸுக்குப் போன். நானும், சேர்ந்து இரண்டு வாரமான ட்ரெய்னி தம்பியும் போனோம். முதலாளி தம்பிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். என்னிடம், "அம்மிணி, உள்ள வீட்டுல இருக்கறாங்க, பேசிட்டு இருங்க. தம்பி பாத்துக்கட்டும்." அத்தனை மரியாதையாகச் சொன்னார், அதனால் எதிர்த்தும் பேச முடியவில்லை. தம்பிக்குப் பாஸ்வேர்டே தெரியாது. நான் நின்றுகொண்டே டேட்டாபேஸைத் திறந்து, ஸ்டைல் நம்பருக்குப் (பனியன் மாடலின் எண்) பின்னால் தவறிக் கிடந்த ஒரு ஸ்பேஸை, அதாவது வெற்று இடத்தை, எடுத்தேன். பிரிண்டர் ஓடியது. "நல்லா பண்ணீட்டீங்க தம்பி" என்று அவன் தோளில் தட்டினார். "அக்காதானுங்க பண்ணுனாங்க" என்று சொல்வான் என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டு நின்றான்.

பீளமேட்டான்
சோமனூர்க்காரி சொல்வதை முழுசாக ஏற்க முடியவில்லைங்க. இறகின் நுண்கோடு, தோளின் வழவழப்பு, நிழல் எல்லாம் ஒரே படத்தில் கிடைத்ததால்தான் இத்தனை வருடம் ஓடியது. எங்களுக்குத் தப்பான எண்ணம் இருந்ததில்லை.

என்னை உறுத்துவது வேறு. டீம் லீடாக இருந்தபோது ராத்திரி ரிலீஸ் (புது சாஃப்ட்வேரை வெளியிடும் வேலை) பட்டியலில் பெண்கள் பெயரைப் போட மாட்டேன். நல்லது செய்கிறேன் என்றே நம்பினேன். வேலையை மதிப்பிடும் அப்ரைசல் அன்றைக்கு டீமில் இருந்த பெண் ஒருத்தர் என் கம்ப்யூட்டரிலேயே அந்தப் பட்டியலைத் திறந்தார். அவர் பெயருக்கு நேரே ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை காலி. "ரிலீஸை எண்ணித்தானே மார்க் போடறீங்க சார்? என் பேரை எடுக்கறப்ப என்னைக் கேட்டீங்களா?"

ஈரோட்டு மஞ்சள்
பார்கோடு, விடாதீங்க. வேலை இடத்தில் பெண்கள் பாதுகாப்புக்கான 2013ஆம் வருடச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். மூத்த பெண் ஊழியர்தான் தலைவர், உறுப்பினர்களில் பாதியாவது பெண்கள், வெளியாள் ஒருவர். 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கணும். 10 பேருக்குக் குறைவு என்றாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கிறது. தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். நாலு நாள் கழித்தால் நமக்கே சந்தேகம் வந்துவிடும்.

என் கதை சின்னது. ஹேக்கத்தானில் (புரோகிராம் எழுதும் போட்டி) புரோகிராம் முழுக்க எழுதியது நான், மேடையில் டெமோ காட்டியது பையன். என்னைப் புடவை கட்டி வந்து சீஃப் கெஸ்டுக்குப் பொக்கே கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன்.

பார்கோடு
மஞ்சள், அந்தச் சட்டம் பாலியல் தொல்லைக்கு. நாற்காலி போடாததற்கு எந்தக் குழுவில் போய் எழுத? எனக்கு முதலாளி மேல்கூட அவ்வளவு இல்லை. தம்பி மேல்தான்.

சோமனூர்க்காரி
பீளமேட்டாரே, தப்பான எண்ணம் இல்லை என்றால் அந்தச் சிரிப்பு எதற்குங்க? 2013இல் டியானா நீடெல், ரேச்சல் வார்ட் என்ற இரண்டு பெண் கணித ஆய்வாளர்கள் ஃபேபியோ என்ற ஆண் மாடலின் படத்தை லேனாவுக்குப் பதிலாகத் தங்கள் கட்டுரையில் போட்டார்கள். கணக்கு சரியாகத்தான் வந்தது. இப்போது நானும் லேப் எடுக்கிறேன். அப்பாவின் தறியில் ஓடும் பாவு நூலைப் போனில் படம் பிடித்து, 512-க்கு 512 பிக்சலாக வெட்டிக் கொடுத்தேன். எட்ஜ் டிடெக்‌ஷன் போட்டால் இழை இழையாக எழுந்து வருகிறது. நடுவில் ஓர் இழை அறுந்திருக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வாரப் பயிற்சி.