மிரோ கர்தோனா: ஆறு வாரப் பிரதமர், பிறகு அர்ஜென்டினா தூதரகம். இடையில் நடந்தது என்ன?

ஏட்டுச்சுவடி:
கியூபாவின் ஹோசே மிரோ கர்தோனா பற்றித் தமிழில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு தயாராகிறது. ஹவானா பல்கலைக்கழகத்தில் குற்றவியல் சட்டப் பேராசிரியர், ஹவானா வழக்கறிஞர் சங்கத் தலைவர், சர்வாதிகாரி பாட்டிஸ்டாவை எதிர்த்த அணிகளை 1958ல் ஒன்றுசேர்த்த முன்னணியின் ஒருங்கிணைப்பாளர், 1959 ஜனவரி 5 முதல் புரட்சி அரசின் பிரதமர். இதுவரை சிக்கல் இல்லை.

அதற்குப் பிறகு கோர்வை அறுந்துபோகிறது. பிப்ரவரி 13ல் விலகுகிறார். ஆனால் அதே அரசின் தூதராக ஸ்பெயினுக்குப் போகிறார். 1960 ஜூலையில் ஹவானாவிலுள்ள அர்ஜென்டினா தூதரகத்தில் தஞ்சம். 1961ல் அமெரிக்க ஆதரவு பெற்ற கியூபப் புரட்சி மன்றத்துக்குத் தலைவர். "அடிக்கடி நிலைப்பாட்டை மாற்றியவர்" என்று எழுதினால் சரியாகுமா? இன்னொன்று: கடைசியில் அமெரிக்காவுக்குத்தான் போனார் என்றால், ஹவானாவிலேயே இருந்த அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஏன் போகவில்லை?

சட்டப்புள்ளி:
அப்படி எழுதினால் அந்த மனிதருக்கு அநியாயம் செய்ததாகிவிடும். அந்த ஆறு வாரத்தை நாள்வாரியாக வைத்துப் பாருங்கள்.

ஜனவரியில் பிரதமர் நாற்காலி இவருடையது, குடியரசுத் தலைவர் நாற்காலி நீதிபதி மனுவேல் உருத்தியாவுடையது. ராணுவம் புரட்சித் தலைவர் ஃபிடல் காஸ்ட்ரோ கையில். அமைச்சரவை மாளிகையில் கூடும். முடிவுக்காக ஆட்கள் காஸ்ட்ரோ தங்கியிருந்த ஹில்டன் ஓட்டலுக்குப் போவார்கள். கையெழுத்து ஓரிடம், சொல் ஓரிடம்.

1940 அரசியலமைப்பு சாதாரணக் குற்றங்களுக்கு மரண தண்டனையைத் தடை செய்திருந்தது. முன்தேதியிட்டுத் தண்டிக்கும் சட்டத்துக்கும் அதில் இடமில்லை. அந்த இரண்டு வேலிகளையும் ஜனவரி மாதமே அமைச்சரவை திருத்தங்களால் பிரித்துப் போட்டது. "செய்தபோது குற்றமாக இல்லாத செயலுக்குத் தண்டனை இல்லை" என்பது குற்றவியல் சட்டத்தின் முதல் பாடம். அதைக் கற்பிப்பதே தொழிலாக இருந்தவர் தலைமையில்தான் இது நடந்தது. இதைக் குறிப்பில் விட்டுவிடாதீர்கள். அவருக்குச் சாதகமான செய்தி இல்லைதான், ஆனாலும் இது இல்லாமல் அவர் வாழ்க்கை புரியாது.

பிப்ரவரி 7ல் 'அடிப்படைச் சட்டம்' வந்தது. சட்டமியற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திடமிருந்து அமைச்சரவைக்குப் போனது; அரசின் பொதுக் கொள்கையை வழிநடத்துபவர் பிரதமர் என்றானது. அதாவது, அதுவரை வெறும் பெயராக இருந்த பதவிக்கு அன்றுதான் உயிர் வந்தது. ஆறே நாளில் மிரோ விலகினார். 16ஆம் தேதி காஸ்ட்ரோ பதவியேற்றார். காஸ்ட்ரோ ஹவானாவில் சட்டம் படித்தபோது அவருக்குப் பாடம் எடுத்தவர்களில் மிரோவும் ஒருவர்.

ஆக, விலகும்போது அவர் எதிரியாகிவிடவில்லை. அதிகாரம் யாரிடம் இருந்ததோ, பதவியையும் அவரிடமே கொடுத்துவிட்டார். பிறகு தூதராகப் போனதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

தீவுக்காற்று:
தூதர் வேலையிலும் இதே கதைதான். 1960 ஜனவரி 20 இரவு காஸ்ட்ரோ தொலைக்காட்சியில் ஸ்பெயின் தூதரகத்தைச் சாடிக்கொண்டிருந்தபோது, ஸ்பெயின் தூதர் லொஹெந்தியோ நேராக நிலையத்துக்குள் புகுந்து, நேரலையிலேயே மறுப்புச் சொல்ல வந்துவிட்டார். 24 மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். பதிலுக்கு மாட்ரிட்டிலிருந்து கியூபா திரும்ப அழைத்துக்கொண்ட தூதர் மிரோ. அடுத்து வாஷிங்டனுக்கு நியமித்தார்கள். ஜூன் இறுதியில் வெளிநாட்டு நிறுவனங்களின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைக் கியூபா கைப்பற்றத் தொடங்கியது, ஜூலை 6ல் கியூபாவிடம் வாங்கும் சர்க்கரை ஒதுக்கீட்டை அமெரிக்கா வெட்டியது. அந்த ஜூலையிலேயே அவர் விலகித் தஞ்சம் புகுந்தார். வாஷிங்டனில் அவர் தூதராக வேலை பார்க்கவே இல்லை. "அமெரிக்காவுக்கான முன்னாள் தூதர்" என்று சில இடங்களில் வருகிறது. "நியமிக்கப்பட்டார், பொறுப்பேற்கவில்லை" என்று எழுதுங்கள்.

இப்போது தூதரகக் கேள்வி. அமெரிக்கத் தூதரகம் 1961 ஜனவரி வரை ஹவானாவில் திறந்துதான் இருந்தது. ஆனால் தூதரகத்துக்குள் தஞ்சம் கொடுப்பதை ஒரு சட்ட உரிமையாக அமெரிக்கா ஏற்றதே இல்லை. தஞ்சம் பற்றிய 1928 உடன்படிக்கை ஹவானாவிலேயே கையெழுத்தானது; அதில்கூட இந்தக் கோட்பாட்டை ஏற்கவில்லை என்று தனியாகக் குறித்துவிட்டுத்தான் அமெரிக்கா ஒப்பமிட்டது. லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கு இடையிலோ அது ஊறிப்போன வழக்கம்.

நடைமுறை இப்படி: தூதரக வாசலைத் தாண்டி உள்ளே போய்விட வேண்டும். தேடப்படுவது அரசியல் காரணத்துக்காகவா, சாதாரணக் குற்றத்துக்காகவா என்று தூதர் பார்ப்பார். ஏற்றால் உள்ளூர் வெளியுறவு அமைச்சகத்துக்குத் தெரிவித்து, நாட்டைவிட்டு வெளியேறப் 'பாதுகாப்பு வழிச்சீட்டு' கேட்பார். சீட்டு கிடைத்ததும் தூதரக ஆளின் துணையோடு விமான நிலையம்.

மாட்டிக்கொள்ளும் இடம் அந்தச் சீட்டுதான். பெருவின் அரசியல் கட்சித் தலைவர் ஆயா தெ லா தோரே 1949 ஜனவரியில் லிமாவிலுள்ள கொலம்பியத் தூதரகத்துக்குள் போனார், சீட்டு மறுக்கப்பட்டது. வழக்கு ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றம் வரை போயும் அவர் வெளியே வந்தது 1954 ஏப்ரலில். ஐந்து வருடத்துக்கும் மேல் ஒரே கட்டடத்துக்குள்! மிரோ அந்த விஷயத்தில் தப்பித்தார். 1960 முடிவதற்குள் அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டார்.

உருத்தியாவையும் இவரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர் குடியரசுத் தலைவர், 1959 ஜூலையில் பதவி விலகியவர், வெனிசுவேலா தூதரகத்தில் தஞ்சம் புகுந்தவர். இருவரும் சட்டம் படித்தவர்கள், இருவரும் அமெரிக்கா போனவர்கள் என்பதால் கட்டுரைகளில் தேதிகள் இடம் மாறிவிடுகின்றன.

ஏட்டுச்சுவடி:
மிக்க நன்றி, இரண்டு முடிச்சும் அவிழ்ந்தது. 1961 மன்றத்தை "நாடு கடந்த அரசாங்கம்" என்று எழுதலாமா? "நாடு கடத்தப்பட்டார்" என்ற சொல்லும் உறுத்துகிறது.

அச்சுப்பிழை:
இரண்டுமே வேண்டாம். நாடு கடத்துவது என்றால் அரசு பிடித்து வெளியே அனுப்புவது. இவர் தானாகத் தஞ்சம் புகுந்து வெளியேறினார். "நாட்டைவிட்டு வெளியேறி அயலில் வாழ்ந்தார்" என்பது நீளம்தான், ஆனால் பிழையில்லை.

மன்றம் 1961 மார்ச்சில் உருவானது. அயலிலிருந்த கட்சிகளின் ஜனநாயகப் புரட்சி முன்னணியையும் மனுவேல் ராயின் மக்கள் புரட்சி இயக்கத்தையும் ஒட்டவைத்த அமைப்பு. அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. பயிற்சி கொடுத்த, அயலிலிருந்த கியூபர்களின் படை பன்றிகள் விரிகுடாவில் (Bay of Pigs) இறங்கிக் கடற்கரையில் ஒரு துண்டு நிலத்தையும் விமான ஓடுதளத்தையும் பிடித்துக்கொள்ளும். மன்றத்தை அங்கே கொண்டுபோய் இறக்குவார்கள். மிரோ தன்னைத் தற்காலிகத் தலைவராக அறிவிப்பார். அங்கீகாரமும் உதவியும் பின்னால் வரும். இதுதான் திட்டம். நிலம் கையில் தங்கவில்லை, ஆகவே அரசாங்கமும் பிறக்கவில்லை. "அரசாங்கமாக அறிவிக்கப்படவிருந்த மன்றம்" என்பதே பொருந்தும்.

தோற்றதற்கான காரணத்தையும் இரண்டு வரியில் சேருங்கள். ஏப்ரல் 15ல் படையெடுப்புத் தரப்பின் எட்டு பி-26 விமானங்கள் குண்டு போட்டும் காஸ்ட்ரோவின் விமானப்படை முழுதாக அழியவில்லை. 17ஆம் தேதி விடியலில் நடக்கவேண்டிய இரண்டாவது தாக்குதலைக் கென்னடி நிறுத்தினார். மிஞ்சியிருந்த விமானங்கள் அன்று காலையிலேயே படையெடுத்தவர்களின் 'ஹூஸ்டன்', 'ரியோ எஸ்கொந்திதோ' கப்பல்களை முடக்கின. அவற்றோடு தோட்டாவும் போயிற்று, எரிபொருளும் போயிற்று. 19ஆம் தேதி எல்லாம் முடிந்தது. இறங்கிய சுமார் 1,400 பேரில் 1,100க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள்.

அந்த மூன்று நாளும் மிரோவும் மன்றத்தாரும் புளோரிடாவில் ஓபா-லோக்கா விமானத் தளத்தில் ஒரு வீட்டில் காவலோடு அடைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் பெயரில் நியூயார்க்கிலிருந்து அறிக்கைகள் வெளிவந்தன. எழுதியது அவர்கள் அல்ல. தங்கள் அறிக்கையைத் தாங்களே வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அப்போது மிரோவின் மகன் அந்தக் கடற்கரையில் இருந்தான், பிடிபட்டான். 19ஆம் தேதி கென்னடியின் ஆலோசகர்கள் ஷ்லெசிங்கரும் பெர்லேயும் ஓபா-லோக்காவுக்கு வந்து அவர்களைச் சந்தித்த பிறகுதான் வெள்ளை மாளிகைக்கு அழைத்துப்போனார்கள். கைதிகள் விடுதலையானது 1962 டிசம்பரில், 5.3 கோடி டாலர் மதிப்புள்ள உணவுக்கும் மருந்துக்கும் ஈடாக.

சட்டப்புள்ளி:
"சி.ஐ.ஏ.யின் கைப்பாவை" என்று எழுதத் தோன்றினால் 1963 ஏப்ரலையும் பக்கத்தில் வையுங்கள். 1962ன் கியூப ஏவுகணை நெருக்கடி முடிந்து, அயலிலிருந்தவர்களின் படகுத் தாக்குதல்களை அமெரிக்காவே தடுக்க ஆரம்பித்ததும், கென்னடி இரண்டாவது படையெடுப்புக்கு வாக்குக் கொடுத்து மீறிவிட்டார் என்று குற்றம்சாட்டி மிரோ மன்றத் தலைவர் பதவியிலிருந்து விலகினார். வாஷிங்டன் அதை மறுத்தது. வாக்கு உண்மையா இல்லையா என்பதை இரு தரப்பு கூற்றாகவே எழுதுங்கள், தீர்ப்பு வேண்டாம். பிறகு புவேர்த்தோ ரிக்கோ பல்கலைக்கழகத்தில் மறுபடி சட்டம் கற்பித்தார். 1974 ஆகஸ்ட் 10ல் சான் ஹுவானில் காலமானார்.

அச்சுப்பிழை:
பெயரில் ஒரு திருத்தம். "கர்தோனா" என்று மட்டும் சுருக்காதீர்கள், அது தாய்வழிப் பெயர். தந்தை ஹோசே மிரோ அர்ஹெந்தேர், ஸ்பெயினுக்கு எதிரான கியூப விடுதலைப் போரில் ஜெனரல் மசேயோவின் படைத்தலைமைச் செயலர். மகன் ஹோசே மிரோ தோர்ரா. மூவருக்கும் பொதுவாக ஓடுவது மிரோ. அகரவரிசையிலும் 'மி'யில்தான் வர வேண்டும்.