டாம்பால வீட்டு இன்ஷூரன்ஸ் ஏறிடுச்சு, விண்ட் மிடிகேஷன் இன்ஸ்பெக்ஷன் பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் மக்களே, ஃப்ளோரிடால 1998ல கட்டின வீடு, இந்த ரினியுவல்ல பிரீமியம் 3,400 டாலர்ல இருந்து 5,100 ஆயிடுச்சு, பாத்ததும் தலை சுத்திடுச்சு. ஏஜென்ட் கிட்ட கேட்டா உங்க விண்ட் மிடிகேஷன் ஃபார்ம் (புயல் காத்த வீடு எவ்ளோ தாங்கும்னு இன்ஸ்பெக்டர் பாத்து எழுதற 1802 நம்பர் ஃபார்ம்) 2019ல எடுத்தது, அஞ்சு வருஷம்தான் செல்லும், புதுசா எடுங்கன்னு கூலா சொல்றாரு. இத முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே!

நடுவுல 2023ல ரூஃப் மாத்தினோம், கூரைப் பலகைய ரீ-நெயில் பண்ணி (மறுபடி ஆணி அடிச்சு) அடியில ஒட்டுற ஷீட்டும் போட்டாங்க, பெர்மிட், போட்டோ எல்லாம் இருக்கு, அதுக்கு கிரெடிட் (பிரீமியத்துல தள்ளுபடி) வரும்னு நெனக்கிறேன். குழப்பம் எங்கன்னா, பழைய ரிப்போர்ட்ல கூரையும் சுவரும் சேர்ற எடத்துல வெறும் ஆணிதான்னு போட்டிருக்கான், ஆனா வீட்டுக்காரர் அட்டிக்ல வேர்த்து விறுவிறுக்க ஏறிப் பாத்தா கிளிப் (கூரைய சுவரோட புடிச்சு வைக்கிற மெட்டல் துண்டு) இருக்கு, சிலதுல ரெண்டு ஆணிதான். மூணு இருந்தாதான் கிளிப்னு கணக்காமே?

அந்த மூணாவது ஆணிய ஆள் வச்சு அடிச்சிட்டு அப்புறம் இன்ஸ்பெக்டர கூப்பிட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா, எவ்ளோ ஆச்சு? கராஜ் கதவு பழசு, அத மாத்தாம ஜன்னலுக்கு மட்டும் ஷட்டர் போட்டா கிரெடிட் குடுப்பாங்களா? மை சேஃப் ஃப்ளோரிடா ஹோம்ங்கற ஸ்டேட் கவர்மென்ட் திட்டத்துல இலவச இன்ஸ்பெக்ஷன் கெடச்சவங்க எத்தன நாள் காத்திருந்தீங்க? ரினியுவலுக்கு இன்னும் 40 நாள்தான் இருக்கு, சீக்கிரம் சொல்லுங்கப்பா.